சுமைதாங்கியும் கையெழுத்தும்: பாரம் நீங்குதல் பற்றி ஒரு திருமறைச் சிந்தனை

நம் சபைகளில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் 'பாரம்' என்பதும் ஒன்று. பாவ பாரம் என்கிறோம். குடும்ப பாரம் என்கிறோம். ஆத்தும பாரம், ஜெப பாரம் என்றும் சொல்லிக்கொள்கிறோம். கன்வென்ஷன் பந்தலில் பிரசங்கியார் பாரத்தை இறக்கி வைக்கும்படி அழைக்கும்போது, அங்கு அமர்ந்திருப்போர் ஒவ்வொருவரும் அச்சொல்லுக்கு வெவ்வேறு பொருள் கொள்கின்றனர். ஒருவர் இருபது ஆண்டுகட்கு முன் உடன்பிறந்தானுக்குச் செய்த துரோகத்தை எண்ணுகிறார். அடுத்திருக்கும் தாயார் குழுக்கடனுக்கு வரும் திங்கட்கிழமை கட்டவேண்டிய தவணையை எண்ணுகிறார். பின்வரிசையிலுள்ள இளைஞன், காரணம் இன்னதென அறியாமலே மாதக்கணக்காய்த் தன் நெஞ்சை அழுத்தும் இருளை எண்ணுகிறான். மூவரும் ஒரே அழைப்பைக் கேட்டு, ஒரே ஜெபத்தில் தலைகுனிந்து, வீடு திரும்புகின்றனர். ஒரு வாரம் கழிகிறது. ஒருவருக்கு விடுதலை கிடைத்திருக்கிறது. மற்ற இருவருக்கும் கிடைக்கவில்லை. கிடைக்காதோர் தங்கள் விசுவாசம் போதாது என்று முடிவுசெய்து, முன்னிருந்த சுமையின்மேல் இன்னொன்றையும் ஏற்றிக்கொள்கின்றனர். இந்த இரண்டாவது சுமை மேடையிலிருந்து ஏற்றப்படுவது.

கிறிஸ்துவின் விடுதலை மனிதனுடைய எல்லாப் பாரங்களையும் தொடுகிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே விதமாய்த் தொடுவதில்லை. திருமறை இதில் நம்மைவிட மிக நுட்பமாகப் பேசுகிறது. அந்த நுட்பத்தை ஆயர் பணியில் கையாள்வது எங்ஙனம் என்பதை, நாம் நன்கறிந்த ஒரு நிலப்பகுதியை முன்னிறுத்திச் சிந்திக்க விரும்புகிறோம்.

எட்டயபுரம் என்றவுடன் 1882இல் அங்குப் பிறந்த பாரதியாரும், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் அடக்கத்தலமும், 1835இல் அவ்வூரில் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரும் பலருக்கும் நினைவுக்கு வருவர். அவ்வட்டாரத்தில் ஆயர் பணி செய்வோருக்கு முதலில் நினைவுக்கு வருவது கரிசல். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமும் விதைக்கும் வானம் பார்த்த பூமி அது. 2018இல் படைப்புழு மக்காச்சோளத்தைத் தின்றது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த பெருமழை, முளைத்து நின்ற பயிரை நீரில் நிறுத்திற்று. மழை பொய்த்தாலும் கடன், மிஞ்சினாலும் கடன். கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆலைகளின் கூலி வீட்டுச் செலவுக்கே சரியாகிறது. இப்படிப்பட்ட ஊர்களில் ஞாயிறுதோறும் ஆலயத்திற்கு வருவோர் உள்ளத்தில் பாவ பாரமும் கடன் பாரமும் அச்சமும் துக்கமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது எளிதன்று.

கலாத்தியர் நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில் 2ஆம் வசனத்தையும் 5ஆம் வசனத்தையும் அடுத்தடுத்துப் படிக்கும் தமிழ் வாசகர் திகைப்பார். முதல் வசனம் ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்கவேண்டும் என்கிறது. மூன்று வசனங்கள் தாண்டியதும் ஒவ்வொருவரும் தத்தம் பாரத்தைச் சுமப்பர் என்கிறது. நமது பழைய மொழிபெயர்ப்பில் இரண்டிடத்திலும் 'பாரம்' என்றே வருவதால் பவுல் தம்மையே மறுப்பதுபோல் தோன்றும். கிரேக்கத்தில் முதற்சொல் 'பாரோஸ்': ஆளை அழுத்தும் கனம். இரண்டாவது 'பொர்தியோன்': ஒருவன் எடுத்துச்செல்லும் மூட்டை, கப்பலில் ஏற்றும் சரக்கு. சொல்வேறுபாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு பெரிய கட்டடம் எழுப்புதல் தகாது. மத்தேயு 23:4இல் பரிசேயர் மனிதர் தோள்மேல் வைக்கும் தாங்கொணாச் சுமைகளுக்கும் 'பொர்தியோன்' என்ற சொல்லே வழங்குகிறது. ஆகவே வேறுபாடு அகராதியிலன்று, பவுலின் வாதப்போக்கில் உள்ளது. முதல் வசனம் தவறிவிழுந்த சகோதரனைத் தூக்கிவிடுவதைப் பற்றியது; ஐந்தாவது, தன் செயலுக்குத் தானே கணக்குக் கொடுப்பதைப் பற்றியது. ஒன்றை மற்றவர் சுமக்கலாம். மற்றொன்றைச் சுமக்க இயலாது.

இன்னொரு சொல்லையும் மாணவர் கருத்திற்கொள்ள வேண்டும். எபிரெயத்தில் 'நாசா' என்னும் வினை 'தூக்குதல், சுமத்தல்' எனப் பொருள்படும். அதே வினையே மன்னித்தலுக்கும் வழங்குகிறது. சங்கீதம் 32இன் முதல் வசனத்தில் மீறுதல் மன்னிக்கப்பட்டவன் என்று நாம் வாசிப்பது, சொல்லுக்குச் சொல் நோக்கின், மீறுதல் தூக்கப்பட்டவன் என்பதாம். லேவியராகமம் 16இல் வனாந்தரத்திற்குப் போகும் ஆடு அக்கிரமங்களைச் சுமந்துசெல்வதும், ஏசாயா 53இன் தாசன் அநேகருடைய பாவத்தைச் சுமப்பதும் இதே வினையால் கூறப்படுகின்றன. மன்னிப்பு என்பது பாவத்தைக் காணாததுபோல் இருந்துவிடுதலன்று. யாரோ ஒருவர் அதனைச் சுமந்தாக வேண்டும். நம் மொழியில் 'பொறுத்தல்' என்பதும் சுமத்தல், மன்னித்தல் ஆகிய இரு பொருளும் தருவதைக் கவனிக்க. தமிழ் கற்ற ஆயருக்கு இவ்வெபிரெயச் சொல்லை விளக்க வேற்றுமொழி உதவி வேண்டா.

பாவ பாரத்தைப் பொறுத்தவரை நற்செய்தி ஐயத்திற்கு இடமின்றிப் பேசுகிறது. அது இறக்கப்பட்டது, மீண்டும் எடுக்கவேண்டியதில்லை. கொலோசெயர் 2:14இல் பவுல் இதற்குக் காட்டும் உவமை கரிசல் நாட்டாருக்கு நன்கு பழகியது. நமக்கு எதிரிடையாயிருந்த 'கையெழுத்து' என்று தமிழ் வேதாகமம் கூறும் இடத்தில் கிரேக்கச் சொல் 'கைரோகிராபோன்'. கடன்பட்டவன் தன் கைப்பட எழுதிக்கொடுத்த கடன்சீட்டு என்பதே அதன் வழக்குப் பொருள். நம்மவர் அதனைப் புரோநோட்டு என்பர். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன்மேல் கையொப்பமிட்டு, பெட்டிக்குள் பூட்டி வைக்கப்படும் அத்தாள், வீட்டுத் தலைவரின் தூக்கத்தைக் கெடுக்கும் வல்லமை உடையது. கடனை அடைத்த அன்றே நோட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துப்போடவேண்டும் என்பது கிராமத்துப் பெரியோர் சொல்லும் புத்தி. பணத்தைக் கட்டிவிட்டு நோட்டை வாங்காமல் வந்தவன், கடன் தீர்ந்தும் அச்சம் தீராமல் வாழ்வான். நம் சபைகளில் மன்னிப்பை விசுவாசித்தும் நிம்மதியற்றிருக்கும் பலரின் நிலைமை இதுவே. தீர்ந்த கடனின் நோட்டு இன்னும் எவர் கையிலோ இருக்கிறதென்று நம்புகின்றனர். பவுல் சொல்வதோ, கடன் தீர்ந்தது மட்டுமன்று, எழுத்தும் துடைக்கப்பட்டது, தாளும் சிலுவையில் அறையப்பட்டது என்பதே.

ஈண்டு ஒரு சிறு குறிப்பு. புரோநோட்டுக்கு மூன்றாண்டுக் காலவரை உண்டு. அது காலாவதியாகாதிருக்க, கடன் கொடுத்தவர் இடையில் ஒரு சிறு தொகையை நோட்டின் பின்புறம் வரவு வைத்துக் கடனாளியின் கையொப்பம் வாங்கிக்கொள்வார். நோட்டு மறுபடியும் உயிர்பெறும். ஆண்டுக்கொருமுறை எழுப்புதல் கூட்டம் நடத்தி, பத்தாண்டுகட்கு முன் மன்னிக்கப்பட்ட பாவத்தை மீண்டும் அறிக்கையிடச் சொல்லி அழவைக்கும் பிரசங்கங்களைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு இந்த வரவு வைத்தலே நினைவுக்கு வருகிறது.

பாவ பாரம் இறங்கும் இடத்தைத் தமிழ்க் கிறிஸ்தவர் உள்ளத்தில் பதித்த இலக்கியம் ஒன்றைக் கூறாது விடல் இயலாது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவி, நெல்லைச் சீமையின் கரையிருப்பில் 1827இல் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராயிருந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடினார். அது 1894இல் நூலாக வெளிவந்தது. கதை யாவரும் அறிந்ததே: முதுகில் சுமையோடு புறப்பட்ட பயணி சிலுவையின் முன் நிற்க, சுமை தானே கழன்று உருண்டு கல்லறைக்குள் மறைகிறது. பிரசங்கங்களில் கதை பெரும்பாலும் இவ்விடத்தோடு நின்றுவிடுகிறது. பனியன் நிறுத்தவில்லை என்பதே நாம் கவனிக்கவேண்டுவது. சுமை இறங்கியது பயணத்தின் தொடக்கத்தில். அதன் பின்னரே கடினமலை, அப்பொல்லியோனோடு போர், மரண நிழலின் பள்ளத்தாக்கு எல்லாம் வருகின்றன. சுமையற்ற அதே பயணி நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கனின் சந்தேகக் கோட்டையில் அடைபட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளவும் எண்ணும் நிலைக்கு வருகிறான். கடைசி ஆற்றைக் கடக்கும்போதும் அமிழ்ந்துபோகிறான். உடன்வரும் தோழன்தான் அவன் தலையை நீருக்கு மேலே பிடித்து நிற்கிறான். பன்னிரண்டு ஆண்டுக் காலம் சிறையிலிருந்தவரும், தம் உள்ளத்தின் இருளைத் தன்வரலாற்றில் மறைக்காது எழுதியவருமான பனியனுக்கு, பாவ பாரம் நீங்கியவன் மனவேதனைக்கு உட்படான் என்று எழுதத் தோன்றவில்லை.

பாவத்தைவிட அச்சமே பெரிதாய் அழுத்தும் வீடுகளும் உண்டு. செய்வினை, தோஷம், முன்னோர் விட்ட சாபம் ஆகியவை பற்றிய அச்சத்தை மூடநம்பிக்கை என்று நகைத்து ஒதுக்குவது கற்றறிந்த ஆயரின் சோதனை. அச்சத்தின் பொருள் மெய்யோ பொய்யோ, அச்சம் மெய்யானது. அது பிள்ளையின் படிப்பை நிறுத்துகிறது, மருமகளை வீட்டைவிட்டுத் துரத்துகிறது. கொலோசெயர் நிருபம் கடன்சீட்டைப் பற்றிக் கூறிய கையோடு துரைத்தனங்களும் அதிகாரங்களும் ஆயுதம் களையப்பட்டதைக் கூறுவது கருதத்தக்கது. அஞ்சுவோரிடம் சபை சொல்லவேண்டியது, உம்மைக் கட்டுவதற்கு அவற்றிடம் பத்திரம் இல்லை என்பதாம். ஆனால் அண்மைக் காலத்தில் சில மேடைகளில் தலைமுறைச் சாபம் என்ற புதிய அச்சம் விற்கப்படுகிறது. தாத்தா செய்த விக்கிரக ஆராதனையால் பேத்திக்குப் பிள்ளையில்லை என்று சொல்லி, அதை முறிக்கத் தனிக் கூட்டமும் தனிக் காணிக்கையும் ஏற்படுத்துகின்றனர். யாத்திராகமம் 20:5 மட்டும் வாசிக்கப்படுகிறது. ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் பேசும் அடுத்த வசனம் வாசிக்கப்படுவதில்லை. பிதாக்கள் தின்ற புளித்த திராட்சைக்காய் பிள்ளைகளின் பல்லைக் கூசச்செய்யும் என்ற பழமொழியைக் கடவுளே விலக்கியதாக எசேக்கியேல் 18 கூறுவதும், பிறவிக்குருடனைப் பற்றிய சீடரின் கேள்வியை ஆண்டவர் மறுத்த யோவான் 9உம் மறக்கப்படுகின்றன. பிள்ளையில்லாத பெண்ணின்மேல் ஊரார் ஏற்கெனவே வைத்த சுமை போதும். ஆலயமும் அதன்மேல் ஏற்றுதல் கொடுமை.

இனி மூன்றாவது வகைக்கு வருவோம். துக்கம், கடன், நோய், தனிமை, காரணமறியா மனச்சோர்வு ஆகிய இவற்றைப் பற்றிப் பேசுமிடத்திலேயே நமது உபதேசம் பெரிதும் தடுமாறுகிறது.

நம் நாட்டு நெடுஞ்சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை இன்றும் காணலாம். நட்ட இரு கற்களின்மேல் ஒரு பலகைக்கல், ஆள் தோளுயரத்தில். தலைச்சுமையோடு தனியே நடப்பவர் சுமையைத் தரையில் இறக்கிவிட்டால், தூக்கிவிட வேறோர் ஆள் வேண்டும். சுமைதாங்கி இருந்தால் எவர் துணையுமின்றிச் சாய்த்து வைத்து, கழுத்தை நிமிர்த்தி, சற்று இளைப்பாறி, மீண்டும் தலைக்கு வாங்கிக்கொள்ளலாம். வயிற்றுப்பிள்ளையோடு இறந்த பெண்களின் நினைவாக அவர்தம் உறவினர் இவற்றை நாட்டினர் என்பது நம் பழைய வழக்கம். தாய் இறக்கிவைக்காமலே போன சுமையை, முன்பின் அறியாத வழிப்போக்கர் வந்து இறக்கிவைக்கட்டும் என்ற எண்ணம் அதிலுள்ளது. துக்கத்தைச் செய்யுளாக்கியவர் உண்டு. துக்கத்தை வழிப்போக்கருக்குப் பயனாக்கியவர்கள் இக்கல்லை நாட்டிய பேரறியாதோர்.

சுமைதாங்கி சுமையை நீக்குவதில்லை. சுமப்பவரை விழாமல் வைக்கிறது. சங்கீதம் 55:22இன் வாக்குறுதி இத்தன்மையதே. பாரத்தைக் கர்த்தர்மேல் வைக்கச் சொல்லும் அவ்வசனத்தின் பிற்பகுதியைக் கூர்ந்து வாசிக்கவேண்டும். பாரம் மறைந்துபோம் என்று அது கூறவில்லை. அவர் உன்னைத் தாங்குவார் என்கிறது. அங்குள்ள எபிரெய வினை, உணவளித்துக் காப்பதைக் குறிப்பது. பஞ்சகாலத்தில் யோசேப்பு தன் தகப்பன் வீட்டாரைப் பராமரித்ததற்கும் (ஆதியாகமம் 45:11), கேரீத் ஆற்றண்டையில் காகங்கள் எலியாவைப் போஷித்ததற்கும் (1 இராஜாக்கள் 17:4) அவ்வினையே வருகிறது. பஞ்சம் உடனே நீங்கவில்லை, வீட்டார் உயிரோடிருந்தனர்.

எலியாவைப் பற்றிக் கூறியதால் அவ்வரலாற்றின் அடுத்த பகுதியையும் நோக்குவோம். கர்மேல் வெற்றிக்குப் பின் அவர் சாக விரும்பினார். அவர் படுத்த செடியைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் சூரைச்செடி என்றனர். மூலத்திலுள்ளது பாலைநிலத்துச் செடி வேறொன்று. எனினும் சூரைமுள் படர்ந்த காட்டைக் கண்ட நம் நாட்டார்க்கு அந்நிழலின் வறுமை உடனே விளங்கும். தூதன் அவரிடம் வந்து என்ன செய்தான்? விசுவாசக் குறைவைக் கண்டிக்கவில்லை; ஜெபிக்கவும் சொல்லவில்லை. சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்தான். தூங்கவிட்டான். மறுபடியும் உணவு வைத்தான். பயணம் அவருக்கு மிகத் தூரம் என்பதை ஒப்புக்கொண்டான். கேள்வி கேட்டது ஓரேபில், நாற்பது நாள் கழித்து. மனச்சோர்வுற்றோரைச் சந்திக்கும் ஆயருக்கு இதைவிட நல்ல பாடநூல் வேறில்லை. 1530இல் லுத்தர் மனச்சோர்வுற்றிருந்த ஜெரோம் வெல்லருக்கு எழுதிய கடிதத்திலும் தனிமையை விட்டுத் தோழரோடு உண்ணவும் பேசவும் மகிழவுமே அறிவுரை கூறினார்.

துக்கத்திற்கு வாய் வேண்டும். நம் பாட்டிமாருக்கு ஒப்பாரி இருந்தது. இறந்தவரின் குணம், தன் கதியற்ற நிலை, உறவினர்மேலுள்ள மனக்குறை, கடவுளிடம் கேட்கும் நியாயம் எல்லாம் அப்பாட்டில் வெளிப்பட்டன. நம்பிக்கையற்றோர்போல் துக்கிக்கலாகாது என்று சொல்லி, சபையார் வீடுகளில் ஒப்பாரியைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டோம். அதற்குப் பதிலாக ஞானப்பாட்டுக் கொடுத்தோம். நன்றே. ஆனால் சங்கீதப் புத்தகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் என்பதையும், 88ஆம் சங்கீதம் ஒரு நம்பிக்கைச் சொல்லும் இன்றி இருளிலேயே முடிவதையும் நாம் மறந்தோம். அச்சங்கீதத்தை அடக்க ஆராதனைக்கு மறுநாள் துக்க வீட்டில் மெல்ல வாசித்துவிட்டு, விளக்கம் ஒன்றும் கூறாமல் எழுந்துவந்து பாருங்கள். பேசாதிருந்தவர் பேசத் தொடங்குவதைக் காண்பீர்கள்.

கடன் பாரத்திற்கு ஜெபத்தோடு நடையும் வேண்டும். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டித் தொல்லையால் ஒரு தம்பதியர் தம் இரு குழந்தைகளோடு தீக்கிரையான செய்தியை இப்பகுதியார் எவரும் மறந்திரார். அதிக வட்டியைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியும் உண்டு. இவற்றை அறிந்து, அஞ்சி நிற்கும் குடும்பத்தோடு அலுவலகப் படியேறும் ஆயர், பிலேமோன் நிருபத்தின் பவுலைப் பின்பற்றுகிறார். ஒநேசிமுவின் கடனைத் தம் கணக்கில் வைக்கும்படி அப்போஸ்தலர் தம் கைப்படவே எழுதிக்கொடுத்தார். நமக்கெதிரான கையெழுத்தைக் கிறிஸ்து குலைத்தார் என்று கொலோசெயருக்குச் சொன்னவர், அச்சபையைச் சேர்ந்த அடிமை ஒருவனுக்காகத் தாமே ஒரு கையெழுத்துக்காரரானார்.

மனநோயைப் பற்றிச் சுருக்கமாகக் கூறினால் போதும், ஏனெனில் இதில் விவாதத்திற்கு இடமில்லை. மருந்து உண்பவரிடம் விசுவாசத்தின் பேரால் மருந்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எந்த ஆயருக்கும் இல்லை. இந்தியாவில் ஊழியம் தொடங்கிய ஆண்டுகளில் பலமுறை நரம்புத் தளர்ச்சியால் வீழ்ந்து, லக்னோவில் ஓர் இரவு ஜெபத்தில் விடுதலை கண்டதாகச் சாட்சி பகர்ந்த ஈ. ஸ்டான்லி ஜோன்ஸ், அதே லக்னோவில் 1950இல் நூர் மன்ஸில் என்னும் மனநல மருத்துவமனையை நிறுவினார். தமக்கு ஜெபத்தால் கிடைத்ததைக் கொண்டு பிறர்க்கு மருத்துவம் வேண்டா என்று அவர் முடிவுசெய்யவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் நோயாளியோடு உறவினரும் தங்கிப் பராமரிப்பில் பங்குகொள்வது நெடுநாளைய வழக்கம். சுமையைப் பகிர்தலுக்கு அதுவும் ஒரு வடிவம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலிமானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். இவ்வெண் ஆலய அறிவிப்புப் பலகையில் இருத்தல் நன்று.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று தப்பியவரின் வீட்டார், காவல்துறைக்கு அஞ்சியும் சபைக்கு நாணியும் அதை மறைப்பதுண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அத்தகையவரைக் கடும் மன அழுத்தத்திற்கு உட்பட்டவராகவே கொள்ளவேண்டும், தண்டிக்கலாகாது என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. நாட்டின் சட்டம் இவ்வளவு தூரம் வந்தபின், தன் கையால் மாண்டவர்க்கு அடக்க ஆராதனையை மறுத்த 1662ஆம் ஆண்டு ஆங்கில ஜெபப் புத்தகத்தின் முன்குறிப்பு, கல்லறைத் தோட்டத்தின் மூலை இடங்களில் மட்டும் இன்னும் உயிர்வாழ்தல் வேண்டுமோ?

மத்தேயு 11இன் அழைப்பை நாம் இதுவரை எடுக்காதது அது இவ்விடத்திற்குரியது என்பதால். இளைப்பாறுதல் வாக்களித்த ஆண்டவர் அடுத்த மூச்சில் நுகம் தருகிறார். சுமந்து களைத்தவனுக்கு நுகமா என்று கேட்கத் தோன்றும். நுகத்தின் தன்மையைக் கூறும் கிரேக்கச் சொல் 'கிறேஸ்தோஸ்': இனியது, பயனுக்கு ஏற்றது, உறுத்தாதது. கரிசலில் டிராக்டர் வருவதற்கு முன் காளை பூட்டி உழுதவர்க்கு, கழுத்துப் புண் ஏற்படுத்தும் நுகத்தடிக்கும் மேனியில் பொருந்தும் நுகத்தடிக்கும் உள்ள வேறுபாடு தெரியும். தலைச்சுமை எடுக்கும் பெண்கள் சும்மாடு வைப்பது எதற்கு? சும்மாட்டால் சுமையின் எடை ஒரு பலமும் குறைவதில்லை. ஆனால் சுமக்க முடிகிறது. நுகம் இருவரைப் பூட்டுவது என்பதையும் விடாது சொல்லவேண்டும். அத்தோழமையை ஆண்டவர் தமக்கும் வேண்டினார். கெத்செமனேயில் மூவரை விழித்திருக்கக் கேட்டார், அவர்கள் உறங்கினர். கொல்கொதா வழியில் அவருடைய சிலுவையைச் சிரேனே ஊரான் சீமோன் சுமந்தான்.

இறுதியாக ஆயர்களைப் பற்றி ஒரு சொல். கவலைகளையெல்லாம் அவர்மேல் வைக்கச் சொல்லும் 1 பேதுரு 5:7இலுள்ள 'மெரிம்னா' என்ற சொல்லையே, 2 கொரிந்தியர் 11:28இல் பவுல் தம்மை நாள்தோறும் அழுத்தும் சபைக் கவலைக்கு வழங்குகிறார். கவலையை இறக்கக் கற்பித்த திருச்சபையின் அப்போஸ்தலரே கவலை சுமந்தார், மறைக்கவும் இல்லை. கரிசல் நாட்டு ஆயர் பலருக்கு ஐந்தாறு கிராமங்கள், சில மைல் தொலைவில் அடுத்த ஆயர். கேட்ட துக்கங்களை வீட்டில் சொல்லலாகாது, சபையில் சொல்லலாகாது, மேலிடத்தில் சொல்ல அச்சம். 1854இல் கேம்பிரிட்ஜ் கல்விமானாகிய தாமஸ் கஜெத்தான் ராக்லண்டு தோழர் சிலரோடு கூடாரங்களில் தங்கி வட திருநெல்வேலிக் கிராமங்களில் சுற்றுப்பயண ஊழியத்தைத் தொடங்கினார். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் மரிக்கும்வரை அவர் கண்ட பலன் சிறிதே. ஆயினும் அவ்வூழியத்தில் ஒரு நல்ல ஒழுங்கு இருந்தது: தெற்கேயுள்ள சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து, தம் செலவிலேயே அனுப்பின. வறண்ட வடக்கின் சுமையை ஒரே ஆள் ஆண்டு முழுவதும் தனியே தூக்கவேண்டியதாயிருக்கவில்லை.

நம் வட்டார ஆயர் கூட்டங்களில் கணக்கும் சந்தாவும் கட்டட நிதியும் முழுப் பகலையும் எடுத்துக்கொள்கின்றன. அவற்றிற்கு முன்னே அரைமணி நேரம் ஒதுக்கலாம். அதில் ஒருவர் தம் மாதத்தின் கனத்தைச் சொல்லட்டும். மற்றவர் அறிவுரை கூறாமல் கேட்கட்டும். செயலர் தம் குறிப்பேட்டை அந்நேரம் மூடி வைக்கட்டும்.